ஜொய்ஸ்டிக்கைக் குற்றம் சொல்லும் முன்: விமான சிமுலேட்டருக்குப் புதிதாக வருபவர்களுக்கு

போன ஆடியில் கொட்டகலையில் இருந்து ஒரு தம்பி கடைக்கு வந்தான். இரண்டு பொலித்தீன் பை போட்டுச் சுற்றிய ஜொய்ஸ்டிக்கை மேசையில் வைத்து, "அண்ணே, இது செத்துப்போச்சு. பிளேன் தானா வலப்பக்கம் சாயுது" என்றான். வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. என் கணினியில் செருகிப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. அடுத்த நாள் லெப்டொப்பையும், அதில் வழக்கமாகச் செருகியிருக்கும் சாமான் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னேன். ஒரு மவுஸ், ஒரு பென் டிரைவ், அப்புறம் ஒரு பழைய கேம்பேட். "அதை நான் தொடுறதே இல்லையே அண்ணே" என்றான். தொடாததுதான் சங்கதி. கேம்பேடின் இடப்பக்கக் குச்சி தேய்ந்துபோய், கை வைக்காமலே கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்து நின்றது. சிமுலேட்டர் இரண்டு கருவிகளின் பேச்சையும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. கேம்பேடைக் கழற்றினோம், விமானம் நேரே பறந்தது.

நான் ஹட்டனில் கணினி திருத்துபவன், விமானி இல்லை. ஆனால் மலைநாட்டில் சிமுலேட்டர் ஓட்டும் பிள்ளைகள் கூடக்கூட இந்தச் சாமான்கள் என் மேசைக்கு வருவதும் கூடியிருக்கிறது. "பழுது" என்று வருவதில் பாதிக்கு மேல் பழுதே இல்லை. தோட்டத்தில் பீலியில் தண்ணீர் நின்றுவிட்டால் யாரும் பீலியை உடைத்து மாற்றுவதில்லை. குழாயோடு மேலே ஏறிப்போய் எங்கே வெடித்திருக்கிறது, எங்கே இலை அடைத்திருக்கிறது என்று பார்ப்போம். ஜொய்ஸ்டிக்கும் அப்படித்தான். கையில் இருந்து கேபிள், கேபிளில் இருந்து விண்டோஸ், விண்டோஸில் இருந்து சிமுலேட்டர், சிமுலேட்டரில் இருந்து விமானத்தின் இறக்கை என்று செய்தி போகிறது. எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் மீதி வேலை லேசு.

வாங்கும்போது

முதல் ஜொய்ஸ்டிக்குக்கு அதிகம் சல்லி போட வேண்டாம். லொஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ மாதிரி ஒற்றைக் குச்சியே போதும். குச்சியை முறுக்கினால் ரடர், அதாவது மூக்கை இடவலம் திருப்பும் வால் பலகை. அடிப்பாகத்தில் ஒரு சின்ன த்ரொட்டில் நெம்பு, இயந்திர வலுவைக் கூட்டிக் குறைக்க. த்ரொட்டில் தனியாக வேண்டும் என்றால் த்ரஸ்ட்மாஸ்டர் டி.ஃப்ளைட் ஹொட்டாஸ் வரிசை. குச்சியும் த்ரொட்டிலும் ஒட்டியும் வைக்கலாம், பிரித்தும் வைக்கலாம். இந்த வரிசையில் சில பிளேஸ்டேஷனுக்கும், சில எக்ஸ்பொக்ஸுக்கும், கூடவே கணினிக்கும் பொருந்தும். அடிப்பாகத்தில் ஒரு சின்னத் தள்ளு ஸ்விட்ச் இருக்கும், அது கணினிப் பக்கம் நிற்க வேண்டும். "செருகினேன், ஒன்றும் நடக்கவில்லை" என்று வந்தவர்களில் இரண்டு பேருக்கு அந்த ஸ்விட்ச்தான் காரணம்.

வாங்குமுன் உள்ளே இருக்கும் உணரி எந்த வகை என்று கேளுங்கள். மலிவான குச்சிகளில் பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும். பழைய ரேடியோவில் சத்தம் கூட்டும் குமிழுக்குள் இருக்கும் அதே சாமான்: ஒரு கரித்தடம், அதன்மேல் உரசிக்கொண்டு நகரும் ஒரு சின்ன உலோகக் கால். உரசல் இருந்தால் தேய்மானமும் இருக்கும். மற்றது ஹோல் உணரி. காந்தம் நகர்வதைத் தொடாமலே அளக்கும், அதனால் தேயாது. த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் குச்சியில் முன்பின், இடவல அசைவுக்கு ஹோல் உணரி இருக்கிறது. ஆனால் அதே குச்சியை முறுக்கும் அசைவுக்குச் சாதாரணப் பொட்டென்ஷியோமீட்டர்தான். பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதை முழுக் குச்சிக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கம் போய் வாங்கினாலும் சரி, யாரிடமாவது பாவித்ததை வாங்கினாலும் சரி, கையில் ஒரு லெப்டொப் கொண்டுபோங்கள். கீழே சொல்லப்போகும் விண்டோஸ் சோதனையைச் செய்ய இரண்டு நிமிஷம் போதும். கொழும்பில் இருந்து ஹட்டனுக்கு ரயிலில் ஏறிய பிறகு திரும்பிப்போய்ச் சண்டை பிடிக்க ஏலாது.

எந்த சிமுலேட்டர் என்றால், டேட்டா குறைவானவர்களுக்கு ஃப்ளைட்கியர். இலவசம், திறந்த மூல மென்பொருள், ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். மைக்ரோசொஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் 2020, 2024 பதிப்புகள் நிலக்காட்சியை இணையத்தில் இருந்து இழுத்துக்கொண்டே இருக்கும். டொங்கிளை நம்பியிருப்பவர்கள் இரண்டு முறை யோசிக்கவும். எக்ஸ்-பிளேன் 12க்கு டெமோ உண்டு, வாங்குமுன் உங்கள் குச்சி அதில் வேலை செய்கிறதா என்று பார்த்துவிடலாம்.

மேசையில் வைத்தல்

இதை யாரும் ஒரு படியாகவே எண்ணுவதில்லை. குச்சி மேசையில் வழுக்கினால் கை அதைப் பிடித்து நிறுத்தவே பாடுபடும், விமானம் ஓட்டாது. எங்கள் வீட்டில் பழைய தேயிலைப் பெட்டியின் பலகை ஒன்று கிடந்தது. இப்போது தேயிலை கடதாசிச் சாக்கில்தான் போகிறது, ஆனால் அந்தக் காலத்துப் பலகைகள் இன்னும் பல வீடுகளில் தட்டாக, கதவாகக் கிடக்கின்றன. அதில் ஒரு துண்டை மடியில் வைக்கும் அளவுக்கு வெட்டி, குச்சியை ஒட்டுப்பட்டியால் நடுவில் ஒட்டினேன். கதிரையில் உட்கார்ந்து பலகையை இரண்டு தொடைக்கும் குறுக்கே வைத்தால் முழங்கை கிட்டத்தட்ட நேர்கோணத்தில் நிற்கும். மணிக்கட்டு வலிக்காது. த்ரொட்டில் இடது கைப்பக்கம் மேசையில் இருக்கட்டும்.

செருகுதல்

குச்சியில் கை வைக்காமல் செருகுங்கள். பல ஜொய்ஸ்டிக்குகள் கரண்ட் கிடைத்த அந்த நொடியில் எங்கே நிற்கின்றனவோ அதையே நடு என்று எடுத்துக்கொள்ளும். கையில் பிடித்தபடி செருகினால் நடு கோணலாகிவிடும், பிறகு விமானம் ஒரு பக்கமே சாயும். அப்படி நடந்தால் கழற்றிவிட்டு, கையை எடுத்து, மறுபடி செருகினால் சரி.

டெஸ்க்டொப் என்றால் பின்பக்க யூஎஸ்பி துளைகளைப் பாவியுங்கள். அவை நேரே மதர்போர்டில் இருக்கின்றன. முன்பக்கத் துளைகள் உள்ளே ஒரு மெல்லிய கம்பி வழியாக வருகின்றன. குச்சி, த்ரொட்டில், பெடல் என்று மூன்றையும் ஒரு மலிவான யூஎஸ்பி ஹப்பில் தொங்கவிட வேண்டாம். ஹப் வேண்டியே இருந்தால் தனி மின்சாரம் உள்ளதாகப் பாருங்கள். யூஎஸ்பி 2 துளை ஒன்று தரும் மின்னோட்டம் 500 மில்லியம்பியர்தான், தனி மின்சாரம் இல்லாத ஹப்பில் அதையே எல்லாரும் பங்கு போட வேண்டும்.

எந்தத் துளையில் செருகினீர்களோ அதில் ஒரு பொட்டு நகப்பூச்சு வையுங்கள். துளை மாறினால் சில சிமுலேட்டர்கள் அதைப் புதிய கருவி என்று நினைத்து, நீங்கள் மணிக்கணக்காகச் செய்த அமைப்புகளைக் கைவிட்டுவிடும். என் தங்கையின் சிவப்பு நகப்பூச்சு இதற்கே தீர்ந்தது.

முதல் முறை விண்டோஸ் தானே டிரைவர் போட்டுக்கொள்ளும், ஒரு நிமிஷம் பொறுங்கள். கூடுதல் மென்பொருள் தேவைப்பட்டால் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் மட்டும் எடுங்கள். "எல்லா டிரைவரும் ஒரே இடத்தில்" என்று சொல்லும் தளங்களில் இருந்து வைரஸோடு வந்த லெப்டொப்புகள் தனிக் கதை.

விண்டோஸ் என்ன சொல்கிறது

சிமுலேட்டரைத் திறக்க வேண்டாம், முதலில் இதைப் பாருங்கள். விசைப்பலகையில் விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் ஆங்கில எழுத்தில் ஜே, ஓ, வை, ஒரு புள்ளி, சி, பி, எல் என்று இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் தட்டுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் வேலை செய்யும். செருகியிருக்கும் கேம் கருவிகளின் பட்டியல் வரும். உங்கள் குச்சி அதில் இல்லையா? அப்படியானால் அடைப்பு கேபிளில், துளையில், அல்லது அந்தத் தள்ளு ஸ்விட்சில். வேறு துளை, வேறு கணினி என்று மாற்றிப் பாருங்கள். பட்டியலில் உங்களுக்குத் தெரியாத பெயர் எதுவும் இருக்கிறதா என்றும் பாருங்கள். கொட்டகலைத் தம்பியின் கேம்பேட் அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

பெயரைத் தெரிவுசெய்து ப்ரொப்பர்டீஸ் அழுத்துங்கள். ஒரு சதுரத்துக்குள் ஒரு சின்னக் கூட்டல் குறி தெரியும், அதுதான் உங்கள் குச்சி. பக்கத்தில் த்ரொட்டிலுக்கும் முறுக்கலுக்கும் நீளப் பட்டைகள், கீழே பட்டன்களுக்குச் சிவப்பு வட்டங்கள். இப்போது அவசரப்படாமல் பாருங்கள். கையை எடுத்தால் கூட்டல் குறி நடுவுக்கு வருகிறதா? ஒரு மூலையில் இருந்து மறுமூலைக்கு மெதுவாக நகர்த்தும்போது வழுக்கிக்கொண்டு போகிறதா, அல்லது நடுவில் தவளை மாதிரி தாவுகிறதா? நான்கு மூலையையும் தொடுகிறதா? த்ரொட்டிலை அடியில் இருந்து நுனிவரை மிக மெதுவாகத் தள்ளுங்கள், பத்து விநாடி எடுங்கள். பட்டை ஒரே சீராக ஏற வேண்டும். கைக்கு வழுவழுப்பாக இருக்கும் த்ரொட்டில் கூட இந்தப் பட்டையில் துள்ளிக்காட்டும்.

இங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தால் உங்கள் குச்சி நல்லது. இனி வரும் கோளாறு பெரும்பாலும் சிமுலேட்டரின் அமைப்பில்தான் இருக்கும். இதை ஒரு துண்டில் எழுதி ஒட்டி வைத்தாலும் தப்பில்லை.

கூட்டல் குறி நடுவில் நிற்கவில்லை, அல்லது மூலையைத் தொடவில்லை என்றால் மட்டும் செட்டிங்ஸ் பக்கத்தில் கலிபிரேட் அழுத்துங்கள், அது குச்சியின் நடுவையும் விளிம்பையும் திரும்ப அளக்கும். குச்சியை விட்டுவிட்டு ஒரு பட்டன், பிறகு முழு வட்டமாக நாலைந்து சுற்று, மறுபடி விட்டுவிட்டு ஒரு பட்டன், அப்புறம் த்ரொட்டில், முறுக்கல். நடுவில் கச்சா எண்களைக் காட்டு என்று ஒரு தெரிவு இருக்கும், அதைப் போடுங்கள். குச்சி சும்மா நிற்கும்போது எண் ஒன்றிரண்டு ஏறி இறங்குவது சாதாரணம். 0 முதல் 1023 வரை போகும் குச்சியில் சும்மா இருக்கும்போதே நாற்பது, ஐம்பது தாவினால் உள்ளே அழுக்கோ தேய்மானமோ இருக்கிறது. கலிபிரேட் அதை மறைக்காது. ஒழுங்காக இருக்கும் குச்சியைச் சும்மா சும்மா கலிபிரேட் செய்து கெடுத்தவர்களும் உண்டு. அதே பக்கத்தில் உள்ள ரீசெட் டு டிஃபோல்ட் அவர்களுக்கு.

சிமுலேட்டருக்குள்

பல சிமுலேட்டர்கள் திறக்கும்போதுதான் கருவிகளைத் தேடும். முதலில் செருகுங்கள், பிறகு சிமுலேட்டரைத் திறங்கள்.

நான்கு அச்சுகள், அதாவது நான்கு அசைவுகள், மட்டும் முதலில் போதும். குச்சி இடவலம்: எய்லரன், இறக்கையைச் சாய்ப்பது. குச்சி முன்பின்: எலிவேட்டர், மூக்கை ஏற்றி இறக்குவது. முறுக்கல்: ரடர், மூக்கை இடவலம் திருப்புவது. நெம்பு: த்ரொட்டில். மைக்ரோசொஃப்ட் சிமுலேட்டரில் கன்ட்ரோல்ஸ் பக்கத்தில் உங்கள் கருவியைத் தெரிவுசெய்து, இருக்கும் ப்ரொஃபைலின், அதாவது அமைப்புத் தொகுப்பின், நகல் ஒன்றை எடுத்து, அதற்கு உங்கள் பெயரைப் போட்டு, அதில் மாற்றுங்கள். மூலத்தைத் தொட வேண்டாம். எக்ஸ்-பிளேனில் செட்டிங்ஸ், ஜொய்ஸ்டிக். குச்சியை அசைத்தால் எந்தப் பட்டை அசைகிறது என்று காட்டும், அதற்கு ரோல் (எய்லரன்), பிட்ச் (எலிவேட்டர்), யோ (ரடர்), த்ரொட்டில் என்று பெயர் கொடுங்கள். பாவிக்காத அச்சுகளை எல்லாம் "நன்", அதாவது ஒன்றுமில்லை, என்று வையுங்கள். ஃப்ளைட்கியரில் ஃபைல் மெனுவில் ஜொய்ஸ்டிக் அமைப்பு இருக்கிறது.

அடுத்தது முக்கியம்: பட்டியலில் இருக்கும் மற்றக் கருவிகள் ஒவ்வொன்றையும் திறந்து, இதே நான்கு அச்சுகள் அவற்றிலும் இருந்தால் அழித்துவிடுங்கள். கேம்பேட், கார் ஓட்டும் சில்லு, த்ரொட்டிலில் இருக்கும் குட்டிக் கட்டைவிரல் குச்சி எல்லாம் இதில் அடங்கும். ஒரு அச்சை ஒரு கருவிதான் ஆள வேண்டும்.

பிறகு விமானத்தை ஓடுபாதையில் நிறுத்தி, வெளிப்பார்வைக்குப் போய், பின்னால் இருந்து இறக்கையைப் பாருங்கள். குச்சியை வலது பக்கம் சாய்த்தால் வலது இறக்கையின் எய்லரன் மேலே எழும்ப வேண்டும், இடதுபக்கம் கீழே இறங்க வேண்டும். குச்சியை உங்களை நோக்கி இழுத்தால் வாலின் எலிவேட்டர் மேலே எழும்ப வேண்டும். வலது பக்கம் முறுக்கினால் ரடர் வலது பக்கம் திரும்ப வேண்டும். எதுவும் எதிர்ப்பக்கம் போனால் அந்த அச்சுக்குப் பக்கத்தில் ரிவர்ஸ் என்ற பெட்டியில் சரி போடுங்கள். ஆனால் ஒன்று: இழுத்தால் மூக்கு மேலே போவதுதான் சரி. துப்பாக்கி விளையாட்டுப் பழக்கத்தில் வருபவர்கள் அதைத் தலைகீழ் என்று நினைத்து மாற்றிவிட்டு, பிறகு ஏறும்போதெல்லாம் தரையில் குத்துகிறார்கள்.

குச்சி துடிப்பாக இருந்தால், அதாவது சின்ன அசைவுக்கே விமானம் குதித்தால், உணர்திறன் வளைவைப் பூச்சியத்துக்குக் கீழே, மைனஸ் 30 வீதம் அளவுக்கு இறக்குங்கள். நடுப்பகுதி மெதுவாகும், விளிம்பில் முழு வலிமை இருக்கும். நடுவில் செத்த பகுதி என்று ஒன்று இருக்கிறது, குச்சி அசைந்தாலும் சிமுலேட்டர் கணக்கில் எடுக்காத இடம். அதைப் புதுக் குச்சிக்கு 3 அல்லது 5 வீதம் வைத்தால் போதும். சிலர் இதை 20க்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். அப்புறம் இறங்கும்போது குச்சியை அசைத்தாலும் ஒன்றும் நடக்காது, பிறகு திடீரென்று எல்லாம் நடக்கும்.

ஜொய்ஸ்டிக் கோளாறு போலத் தெரியும், ஆனால் இல்லாதவை

செஸ்னா 172 என்ற ஒற்றை ப்ரொப்பெல்லர் சின்ன விமானத்தை ஓடுபாதையில் முழு த்ரொட்டிலில் விட்டால் இடது பக்கம் இழுக்கும். எல்லாப் புதியவர்களும் இதைக் குச்சிக் கோளாறு என்றுதான் கொண்டுவருகிறார்கள். முன்னால் சுழலும் ப்ரொப்பெல்லர் அடிக்கும் காற்று விமானத்தைச் சுற்றிச் சுழன்று வந்து வாலின் இடப்பக்கத்தை அடிக்கிறது, மூக்கு இடது பக்கம் போகிறது. உண்மை விமானத்திலும் அப்படித்தான். வலது ரடர் கொடுங்கள், வேகம் கூடக்கூடக் குறையுங்கள்.

இயந்திரம் கிளம்பவே இல்லை, அல்லது கிளம்பி உடனே நின்றுவிடுகிறது என்றால் மிக்ஸ்சர் நெம்பைப் பாருங்கள். இரண்டு, மூன்று நெம்பு உள்ள த்ரொட்டிலை முதல்முறை செருகும்போது சிமுலேட்டர் தானாகவே ஒரு நெம்பை மிக்ஸ்சருக்கு, அதாவது எரிபொருளும் காற்றும் கலக்கும் அளவுக்கு, ஒதுக்கிவிடும். அந்த நெம்பு அடியில் கிடந்தால் எரிபொருள் அடைபட்டிருக்கும். சாவியை எவ்வளவு திருப்பினாலும் பலனில்லை.

த்ரொட்டிலைப் பாதி தள்ளும்வரை ஒன்றும் நடக்காமல், அப்புறம் திடீரென்று ஓடினால், ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு த்ரொட்டில் அச்சுகளில் தவறானதைத் தெரிவு செய்திருக்கிறீர்கள். பக்கத்தில் இருப்பதை மாற்றிப் போடுங்கள். நுனிவரை தள்ளியும் 95 வீதம்தான் வருகிறது என்றால் விளிம்புச் செத்த பகுதியைக் கொஞ்சம் கூட்டினால் போதும்.

மூக்கு மெதுவாக மேலேயோ கீழேயோ போய்க்கொண்டே இருந்தால் அது ட்ரிம், கையை எடுத்தாலும் மூக்கை ஓரிடத்தில் நிற்க வைக்கும் அமைப்பு. பட்டன் ஒன்றை ட்ரிம் மேல், ஒன்றைக் கீழ் என்று வைத்துக்கொள்ளுங்கள். குச்சி ஒன்றுக்கும் அசையவில்லை என்றால் ஆட்டோபைலட் போட்டிருக்கிறதா, கேமரா பயன்முறையில் மாட்டிக்கொண்டீர்களா என்று பாருங்கள்.

உண்மையான கோளாறுகள்

விளையாடிக்கொண்டிருக்கும்போது குச்சி காணாமல் போய்த் திரும்பி வந்தால் விண்டோஸ் கரண்ட் மிச்சம் பிடிக்கிறது. டிவைஸ் மனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப் ஒவ்வொன்றையும் திறந்து, பவர் மனேஜ்மென்ட் பக்கத்தில் "மின்சாரம் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம்" என்ற பொருளில் இருக்கும் பெட்டியில் சரியை எடுத்துவிடுங்கள். பவர் பிளானின் உள் அமைப்புகளில் யூஎஸ்பி தற்காலிக நிறுத்தத்தையும் அணையுங்கள். அதற்குப் பிறகும் போனால் கேபிள். குச்சியின் அடிப்பாகத்துக்குள் கேபிள் நுழையும் இடத்தில் அதை மெதுவாக வளைத்துப் பாருங்கள்.

எண்கள் தாவினால் ஒரு சோதனை உண்டு. லெப்டொப்பின் சார்ஜரைக் கழற்றி, பெட்டரியில் ஓடவிட்டுப் பாருங்கள். தாவல் நின்றுவிட்டால் குச்சி நல்லது, சார்ஜரின் இரைச்சல்தான் உள்ளே வருகிறது. பழைய லயன் வீடுகளில் எர்த் ஒழுங்காக இல்லாத பிளக் பொயின்டுகள் இன்னும் இருக்கின்றன. லெப்டொப்பின் உலோகப் பகுதியைத் தொட்டால் விரலில் குறுகுறுக்கும், அதுவும் ஒரு அடையாளம். இதை மின் வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள், நீங்களே கைவைக்க வேண்டாம்.

பெட்டரியிலும் தாவினால் பொட்டென்ஷியோமீட்டரில் அழுக்கு. கொன்டாக்ட் க்ளீனர் ஸ்ப்ரே வாங்குங்கள், துரு விடுவிக்கும் சாதாரண எண்ணெய் ஸ்ப்ரே அடிக்க வேண்டாம். அது ஒட்டிக்கொண்டு தூசியை அழைக்கும். கேபிளைக் கழற்றிவிட்டு, அடியில் உள்ள ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள், ஸ்டிக்கருக்குக் கீழேயும் ஒன்று ஒளிந்திருக்கும். வாரன்டி அதோடு போய்விடும் என்பதை முதலில் யோசியுங்கள். திறந்ததும் போனில் ஒரு படம் எடுங்கள், அந்த ஸ்ப்ரிங் எந்தப் பக்கம் மாட்டியிருந்தது என்று பிறகு யாருக்கும் நினைவிருக்காது. பொட்டென்ஷியோமீட்டரின் உடலில் உள்ள சின்ன இடைவெளியில் ஒரு தடவை மட்டும் ஸ்ப்ரே அடித்து, அச்சை நுனியில் இருந்து நுனிக்கு இருபது, முப்பது தடவை அசையுங்கள். அரை மணித்தியாலம் காயவிட்டு மூடுங்கள். திரும்பவும் தாவினால் கரித்தடம் தேய்ந்துவிட்டது, அந்தப் பகுதியைத்தான் மாற்ற வேண்டும்.

மழையும் மூடுபனியும்

இதை கொழும்பில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வைகாசி தொடங்கித் தென்மேற்குப் பருவமழையில் ஹட்டன், தலவாக்கலை, நோர்வூட் பக்கம் சுவரே வேர்க்கும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, விடியற்காலைக் குளிரில் பிளாஸ்டிக்கும் உலோகமும் சில்லிட்டு நிற்கும். அந்தக் குச்சியை அடுப்படிச் சூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து உடனே செருகினால் உள்ளே ஈரம் படியும். அரை மணித்தியாலம் அறையில் வைத்துவிட்டுச் செருகுங்கள். பாவிக்காத நாட்களில் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்தோடு வையுங்கள். கொட்டகலைத் தம்பி இரண்டு பொலித்தீன் பை சுற்றியது நல்ல எண்ணத்தில்தான், ஆனால் ஈரத்தோடு சுற்றினால் ஈரம் உள்ளேயே நிற்கும்.

இடி இன்னொன்று. பங்குனி, சித்திரையிலும், ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரங்களில் மலையில் இடி இறங்கும். முதல் முழக்கம் கேட்டதும் கணினி பிளக்கையும் ரௌட்டர் வயரையும் கழற்றுங்கள். ஸ்விட்சை அணைப்பது போதாது. ஜொய்ஸ்டிக் நிறுவனம் தரும் ஃபர்ம்வெயார், அதாவது குச்சிக்குள் இருக்கும் மென்பொருள், புதுப்பிப்பையும் கரண்ட் போக வாய்ப்புள்ள பின்னேரத்தில் செய்ய வேண்டாம். பாதியில் நின்றால் குச்சி வெறும் குச்சியாகிவிடும்.

ஒரு சோதனைப் பறப்பு

எல்லாம் சரி என்று பட்டதும், நான் எல்லாரையும் கொழும்புக்குப் பக்கத்து ரத்மலானை விமான நிலையத்தில் இருந்து ஹட்டனுக்குப் பறக்கச் சொல்கிறேன். செஸ்னா 172, வானிலை தெளிவு, காற்று இல்லை. தென்மேற்கு நோக்கிய ஓடுபாதை 22இல் கிளம்பினால் கடலை நோக்கிப் போவீர்கள், அங்கே திரும்பி கிட்டத்தட்ட நேர் கிழக்கே பிடியுங்கள். நேர்கோட்டில் சுமார் 80 கிலோமீற்றர், அரை மணித்தியாலப் பயணம். பஸ்ஸில் நாலைந்து மணித்தியாலம் குலுங்கிய பாதை.

9,500 அடிக்கு ஏறுங்கள். சிவனொளிபாதமலை 2,243 மீற்றர், அதாவது 7,359 அடி. பீதுருதாலகால 2,524 மீற்றர், 8,281 அடி. 1974 டிசம்பர் 4 இரவு, கட்டுநாயக்காவில் இறங்க வந்த டச்சு டிசி-8 விமானம் ஒன்று மஸ்கெலியாவுக்குப் பக்கத்தில் சப்தகன்னி மலையில் மோதி 191 பேர் இறந்தார்கள். எங்கே இருக்கிறோம் என்று விமானிகள் தவறாகக் கணித்து, மலைக்கு மேலேயே தாழ இறங்கத் தொடங்கிவிட்டார்கள். நோட்டன் பிரிட்ஜில் அந்த விமானத்தின் டயர் ஒன்று இன்னும் வைக்கப்பட்டிருக்கிறது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அந்த இரவைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்ந்துவிடும். சிமுலேட்டர்தானே என்று உயரத்தை அலட்சியம் செய்யும் பிள்ளைகளுக்கு நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

இந்த ஏற்றம் உங்கள் நெம்புகள் எல்லாவற்றையும் சோதிக்கும். 3,000 அடி தாண்டியதும் காற்று மெலியத் தொடங்கும், முழு மிக்ஸ்சரில் எரிபொருள் அதிகமாகி இயந்திரம் திணறும். மிக்ஸ்சர் நெம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் இழுங்கள். இயந்திரத்தின் சுழற்சி எண் (ஆர்பிஎம்) ஏறும், ஏறி ஓரிடத்தில் நின்று இறங்கப் பார்க்கும். அந்த உச்சத்தில் இருந்து ஒரு மயிரிழை முன்னால் தள்ளி நிறுத்துங்கள். நெம்பில் தாவல் இருந்தால் இங்கேதான் காட்டிக்கொடுக்கும், எண் தாளம் தப்பும். மட்டமாகப் பறக்கத் தொடங்கியதும் ட்ரிம் போட்டுக் குச்சியில் இருந்து கையை எடுங்கள். ஒரு நிமிஷம் விமானம் தன்பாட்டில் நேரே போனால் நடு, செத்த பகுதி, மற்றக் கருவிகள் எல்லாம் ஒழுங்கு.

காசல்ரீ நீர்த்தேக்கம் கண்ணில் பட்டதும் எல்லாரும் கழுத்தை நீட்டித் தங்கள் வீடு எங்கே என்று தேடுகிறார்கள். அந்த நேரத்தில் மூக்கு கீழே இறங்கத் தொடங்கினால் அமைப்புப் பக்கத்தைத் திறக்க வேண்டாம். முழங்கை குச்சிமேல் சாய்ந்திருக்கிறது, எடுங்கள்.